மூன்று குடமும் ஒரு கழுதைக் காதும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கரும்பு தென்னை உயரத்துக்கு வளர்ந்த காலத்தில், மருதங்காட்டில் மருக்கொழுந்து என்று ஒருத்தி இருந்தாள். வெல்ல ஆலை அவளுடையது. அவள் புருஷன் சடையாண்டி நல்லவன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. யோசிக்கும் முன்பே வாய் திறந்துவிடும்.

ஒருநாள் காட்டுப் பக்கம் போனவன் கழுதையாகத் திரும்பி வந்தான். தலையில் அதே சிவப்பு முண்டாசு.

"அடியே கொழுந்து, மோசம் போயிட்டேன்டி!" என்று வாசலில் நின்று அழுதான். "மாந்தோப்புப் பூதம் மூணு குடத்தை வச்சுக்கிட்டு இனிப்பு வரிசை கேட்டுது. தப்பாச் சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு வாய்ப்புதான் இருக்கு. அதுலயும் தப்பினா, காலம் பூரா கழுதைதான்!"

மருக்கொழுந்து அவன் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். முண்டாசைச் சரிசெய்துவிட்டு, கழுதையையும் கூட்டிக்கொண்டு தோப்புக்கு நடந்தாள்.

அங்கே வைக்கோல்போர் மாதிரி உட்கார்ந்திருந்தது பூதம். எதிரே மூன்று குடங்கள்.

"பெரிய குடத்தில் பத்துப் படி தண்ணீர், ஆறு உருண்டை வெல்லம். நடுக்குடத்தில் ஐந்து படி, நாலு உருண்டை. சின்னக் குடத்தில் நாலு படி, மூன்று உருண்டை. எல்லா உருண்டையும் ஒரே அளவு. தொடாதே, குடிக்காதே! எது குறைவு, எது நிறைவு? இனிப்பை வரிசை சொல், உன் புருஷனைத் திருப்பித் தருகிறேன்!"

"நீ என்ன சொன்னே மச்சான்?" என்று கழுதையிடம் கேட்டாள்.

"ஆறு உருண்டை போட்ட பெரிய குடம்தான் ரொம்ப இனிப்புன்னேன்."

"தண்ணியைப் பார்க்கலையா?" என்று அதட்டிய மருக்கொழுந்து, தண்ணீரை மட்டும் பார்த்தாள். "பூதண்ணே, தண்ணி குறைஞ்சா இனிப்பு கூடும். பெரிசு குறைவு, அடுத்து நடு, சின்னதுதான் நிறைவு!"

அவ்வளவுதான். அவள் காதுகள் இரண்டும் கழுதைக் காதாக நீண்டன. பூதம் தொடையைத் தட்டிச் சிரித்தது. "எது குறைவு, எது நிறைவு? இன்னும் ஒரே ஒரு முறை!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. கழுதை அவள் தோளில் முகம் வைத்து, "போனாப் போகுது, ரெண்டு பேரும் ஒண்ணா புல்லு மேய்வோம்" என்றது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனையா கழுதையாக விடுவது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ஆலையில் இரண்டு கொப்பரைக் கரும்புச் சாற்றை ஒப்பிட வேண்டுமானால் ஒரே அளவுச் செம்பில் மொண்டுதானே பார்ப்பாள்? இங்கே மட்டும் ஏன் பெரிசையும் சின்னதையும் அப்படியே ஒப்பிட வேண்டும்? எல்லாவற்றையும் மனசுக்குள் இருபது படியாக்கினாள்.

"பூதண்ணே, பெரிய குடம் ரெண்டு இருந்தா இருபது படி. அதுல பன்னிரண்டு உருண்டை. சின்னக் குடம் அஞ்சு இருந்தா இருபது படி, பதினைஞ்சு உருண்டை. நடுக்குடம் நாலு இருந்தாலும் இருபது படிதான், பதினாறு உருண்டை! பெரிசு குறைவு, அடுத்து சின்னது, நடுக்குடம்தான் நிறைவு!"

சொல்லி முடிக்கவில்லை, அவள் காதுகள் சுருங்கின. கழுதை இருந்த இடத்தில் சடையாண்டி நின்றான். ஆனால் வலது காது மட்டும் நீளமாகவே ஆடிக்கொண்டிருந்தது.

"இதென்ன பூதண்ணே?"

"கணக்குப் போட்டது நீ. அவன் இன்னும் போடவில்லையே" என்றது பூதம். "அப்பா சடையாண்டி, இந்தத் தோப்பில் நூறு மாமரம். உனக்குப் பரிசு உண்டு. நூற்றுக்கு இருபது மரம் வேண்டுமா, ஐந்துக்கு ஒன்று வேண்டுமா? எது குறைவு, எது நிறைவு?"

"இருப..." என்று வாயைத் திறந்தவன் நீண்ட காதைத் தொட்டுப் பார்த்தான். வாயை மூடினான். பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். கீழே உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கி ஐந்தைந்தாகக் கூறு கட்டினான். வெயில் நகர்ந்தது. பூதம் கொட்டாவி விட்டது. அவன் அசையவில்லை.

"அஞ்சஞ்சா இருபது கூறு போட்டா நூறு. கூறுக்கு ஒண்ணு எடுத்தா இருபது" என்றான் மெதுவாக. "அட, ரெண்டும் ஒண்ணுதானே!"

காது டக்கென்று சுருங்கியது. பூதத்தின் சாபமும் அதோடு தீர்ந்தது. அது இருந்த இடத்தில் நரைத்த மீசையோடு ஒரு சமையற்காரர் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். அந்தக் காலத்தில் அரண்மனைப் பானகத்தில் அளவு தப்பிச் சபிக்கப்பட்டவராம்; தப்பாகச் சொன்ன ஒருவன் தானே கணக்குப் போட்டுச் சரியாகச் சொன்னால்தான் சாபம் தீருமாம்.

மூவரும் நடுக்குடத்தைச் சுற்றி உட்கார்ந்து வயிறாரக் குடித்தார்கள். இருபது மரமும் இன்றுவரை காய்க்கிறதாம். சடையாண்டி மட்டும் பதில் சொல்லும் முன்னால் வலது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான்.