ஆட்கள் தேவை

நாளிதழில் ஒரு சின்ன விளம்பரத்துக்கு இடம். அதற்கு வாசகம் எழுதிக்கொண்டு வந்தவர்களோ மூன்று பேர். எதை அச்சேற்றுவது என்ற வழக்கு இது.

உடுமலைப்பேட்டையில் கடை வைத்து, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் கனகவேல். செல்போன் ரம்மியில் சிக்கி, கடன் செயலிகளில் வாங்கியும் ஆடினான். ஒருநாள் அவனாகவே மனைவி பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்தான். "இத நீயே வெச்சுக்க புள்ள. நான் கேட்டாலும் தராத" என்றான். அன்று அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை. தோட்டத்தை விற்றுக் கடனை அடைத்த அன்றும் போகவில்லை. அடைத்த பிறகும் கடன் செயலிக்காரர்கள் மிரட்டவே, காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் பேப்பரில் வந்தது: 'ரம்மி மோகம்: குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திய சூதாடி.' கூடவே சீட்டுக்கட்டும் மதுக்கோப்பையுமாக ஒரு படம். அவன் குடித்ததே இல்லை. புகார் கொடுத்தவனே அவன்தான் என்பது கடைசி வரியில் இருந்தது. டீக்கடையில் யாரோ தலைப்பைச் சத்தமாகப் படித்தார்கள். கனகவேல் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தவன், அப்படியே பஸ் ஏறிவிட்டான்.

திருப்பூரில் வேலை தேடிக்கொண்டிருந்தான் என்று ஒருவர் வந்து சொன்னார். வீட்டிலிருந்து ஆள் தேடி வருவது தெரிந்ததும் அங்கிருந்தும் போய்விட்டான். தெருவில் யாராவது ஸ்பேனரைக் கீழே போட்டால்கூடப் பூங்கோதை சன்னலுக்குப் போவாள்.

கடைசியில் அதே பேப்பரில் விளம்பரம் கொடுக்கப் போனார்கள்.

பூங்கோதையின் மாமனார் எழுதியது: 'மகன் கனகவேலுக்கு, நீ சூதாடியதை மன்னித்துவிட்டோம். உடனே வரவும்.'

பூங்கோதையின் அண்ணன் எழுதியது: 'எங்கள் மாப்பிள்ளை கனகவேல் சூதாடியதாக வந்த செய்தி முற்றிலும் பொய்.'

"ரெண்டையும் போட்டுர்லாமுங்க" என்றார் விளம்பரப் பிரிவுக்காரர்.

"ஒரு தடவ பேர் வந்ததுக்கே ஆளக் காணோம். ஒண்ணு போதுமுங்க" என்றார் மாமனார்.

அப்போது பூங்கோதை தன் தாளை நீட்டினாள்: 'மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவர் தேவை. தங்குமிடம், சாப்பாடு உண்டு. நேரில் வரவும். பூங்கோதை, உடுமலை.'

"இது காணவில்லை பகுதிக்குத்தானுங்களே?" என்று கேட்டார் விளம்பரப் பிரிவுக்காரர்.

"இல்லீங்க. ஆட்கள் தேவையில போடுங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். "ஏம்மா, புருசனத் தேடறியா, கடைக்கு ஆளெடுக்கறியா?"

அவள் தன் தாளை விளம்பரப் பிரிவுக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூவருக்கும் அவன் வர வேண்டும் என்பதுதான் ஆசை. இதில் எந்த வாசகம் அவனை வீட்டுக்குக் கூட்டி வரும்? ஏன்?

விடை: பூங்கோதை எழுதியது. அவன் முதலில் ஊரைவிட்டுப் போனது கடனுக்குப் பயந்தும் அல்ல, வீட்டாருக்குப் பயந்தும் அல்ல. 'சூதாடி' என்று அச்சில் வந்த ஒரு சொல்லுக்கு ஓடினான். மாமனாரின் மன்னிப்பு அந்தச் சொல்லை மறுபடி அவன் பெயரோடு சேர்த்து அச்சடிக்கிறது. அண்ணனின் மறுப்போ, தானாக உண்மையைச் சொன்னவனைப் பொய்யோடு குடித்தனம் நடத்தச் சொல்கிறது. பூங்கோதை மட்டும் அவனை அவன் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவும் பிழைப்புத் தேடுகிறவன் கண் முதலில் போகிற பகுதியில். விளம்பரம் வந்தபின் வேலை கேட்டு யார் யாரோ வந்தார்கள். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து போய், முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். ஒரு சாயங்காலம், தாடி வளர்ந்த ஒருவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டான்:

"ஆள் வேணும்னு போட்டிருந்தீங்களே, எடுத்துட்டீங்களா?"

"இன்னும் எடுக்கலீங்க" என்றாள்.