முதல் ஓட்டையில் கட்டைவிரல்

“எல்லாம் சரியா இருக்கு மேஸ்திரி. ஆனா வண்டி எடுக்க மாட்டேங்குது” என்றார் தணிகாசலம்.

ரெஜினா மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தாள். கோத்தகிரியில் அன்று விடிந்ததிலிருந்தே பனி. ஷெட்டுக்குள்ளும் நுழைந்து தணிகாசலத்தின் பழைய காரின் மேல் உட்கார்ந்திருந்தது. எது டீயின் ஆவி, எது பனி என்று சொல்ல முடியவில்லை.

“எல்லாம்னா?”

“எல்லாந்தான். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மூணு தடவை மாட்டிட்டேன். கீழ புல்லியில இருக்கற கோடும் என்ஜின்ல இருக்கற முள்ளும் நேருக்கு நேர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பொறியைப் பிரிச்சுக் குடுக்கற ரோட்டார் முதல் சிலிண்டரைப் பார்க்குது. சாவியைத் திருப்பினா டப்புனு தும்முது.”

தணிகாசலத்துக்கு வயது அறுபத்தொன்று. சர்வே ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் கல்லுக்கும் கல்லுக்கும் கோடு பார்த்தவர். கோடு பொருந்தினால் உலகமே பொருந்திவிடும் என்று நம்புகிற ரகம். தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவளிடம் வேலை கற்க வந்து மூன்று மாதம் ஆகிறது.

“அப்படி என்ன சார் அவசரம்?”

“மேட்டுப்பாளையம் போகணும். குமுதவல்லியைக் கூட்டிட்டு வரணும்.”

குமுதவல்லி அவர் மனைவி. நான் பேசுவது உங்கள் காதில் விழுவதே இல்லை என்று சொல்லிவிட்டு, தங்கை வீட்டுக்குப் போய் நாலு மாதம்.

“முன்னாடியே ஒரு தடவை போனீங்களே?”

“போனேன். நல்ல நாள், நல்ல நேரம், மல்லிகைப்பூ, அவளுக்குப் பிடிச்ச வர்க்கி பிஸ்கெட். என்ன பேசணும்னு தாள்ல எழுதி வச்சு, ஒரு வரி விடாமச் சொன்னேன்.”

“அவங்க?”

“‘இன்னிக்கு வேணாம், போங்க’ன்னு கதவைச் சாத்திட்டா. இந்தத் தடவையும் அப்படிச் சொன்னா, அத்தோட சரி. இனிமே கேக்க மாட்டேன்.”

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தாள். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினாள்.

“இந்த ஓட்டையில கட்டைவிரலை அழுத்தி வைங்க. கோட்டைப் பார்க்காதீங்க.”

அவள் வண்டிக்கு முன்னால் போய்க் கைக்கம்பியைச் செருகி மெதுவாகச் சுற்றினாள். என்ஜின் தூக்கத்தில் புரளுவது போல முனகியது.

“கோடு வந்தாச்சு. விரல்ல என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“ரோட்டாரைப் பாருங்க. இங்கதான் நீங்க மாட்டினது.”

“ஆமா. சரியாத்தானே இருக்கு?”

“விரலை எடுக்காதீங்க. இன்னொரு சுத்து.”

கம்பி மறுபடி சுற்றியது. அவர் எதற்காக நிற்கிறோம் என்பதையே கொஞ்சம் மறந்துபோனார்.

விரலுக்கு அடியில் ஏதோ வந்தது. முதலில் லேசாக. பிறகு புஸ்ஸென்று விரலைத் தள்ளியது.

“ஐயோ, தள்ளுது மேஸ்திரி!”

“இப்போ கோட்டைப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். அதே கோடு, அதே முள். ஒரு நூல் விலகவில்லை.

“ரெண்டு தடவை வருதா?”

“வரும். ஒரு தடவை காத்து இருக்காது. ஒரு தடவை இருக்கும். காத்து தள்ளறப்போதான் பொறி விழணும்.”

“வெளியில இருந்து பார்த்தா எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றாள் மேஸ்திரி. ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள்.

அவர் டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, ரோட்டாரை முதல் சிலிண்டருக்கு நேராக வைத்து இறக்கினார். இறங்கும்போதே அது திரும்பித் தாண்டிப் போய்விட்டது.

“உள்ள போறப்போ அது கொஞ்சம் திரும்பும் சார். அதுக்கு இடம் விடுங்க.”

வெளியே எடுத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து இறக்கினார். இந்த முறை அதுவே திரும்பி வந்து உட்கார்ந்தது.

பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி எடுத்துக்கொண்டது. பானெட்டின் மேலிருந்த பனி மெல்ல நடுங்கிக் கலைந்தது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“அப்புறம் என்ன, கிளம்புங்க!”

அவர் கிளம்பவில்லை. ஸ்டீயரிங்கின் மேலிருந்த தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

“குமுதா.”

“ம்.”

எழுதிய தாள் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு சும்மா இருந்தார்.

அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. பனி மறுபடி உள்ளே வந்து கண்ணாடியை மூடியது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“அன்னிக்கு நீங்க வந்தப்போ எனக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல்” என்றாள் குமுதவல்லி. “நிக்கவே முடியல. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியல” என்றார் தணிகாசலம். “சொல்லு.”