ஆறு வருஷத்து விறகு பாக்கி

வெகுகாலத்துக்கு முன்னால் வில்வநல்லூரை விசயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார். அந்த வருஷம் அவருக்குத் தாமரைக்குளத்தின் நடுவே மிதக்கும் மண்டபம் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. கஜானாவிலோ பணம் இல்லை.

"நான் கொண்டுவருகிறேன், பிரபு" என்று முன்வந்தார் தாண்டவராயர். அரசாங்கத்து விறகை ஊருக்கு விற்கும் கொட்டகைக்கு அவர்தான் அதிகாரி. சபையில் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் அமைச்சர் கொற்றனாருடையது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

பழைய ஓலைகளைப் புரட்டியதில் அவருக்கு ஒன்று அகப்பட்டது. கட்டு விறகு நாலு காசு என்பது அரசாணை. கொட்டகையிலோ ஆறு வருஷமாக மூன்று காசுதான் வாங்கியிருக்கிறார்கள். விட்டுப்போனதை எல்லாம் ஒரே மூச்சில் வசூலிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

நெல் அவித்தும் அரிசி விற்றும் பிழைக்கும் மருதாயியின் வாசலுக்கும் ஒரு சேவகன் வந்தான்.

"மாசம் இருபது கட்டு வாங்கியிருக்கே. ஆறு வருஷத்துக் குறை ஆயிரத்து நானூற்று நாற்பது காசு. நாளைப் பொழுது சாயறதுக்குள்ளே கட்டணும். அதுவரைக்கும் விறகு கிடையாது. கட்டலேன்னா அண்டா ஜப்தி."

"கேட்ட காசைக் கேட்ட அன்னைக்கே குடுத்தேனே ஐயா."

"அவங்க கேட்டது தப்பாம்."

"தப்பு அவங்களோடதுதானே?"

"எனக்குப் படிச்சுக் காட்டத்தான் உத்தரவு" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

எட்டு வீட்டு நெல் மருதாயியின் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. நாளைக்குள் அவிக்காவிட்டால் புளித்து நாறிவிடும். நெல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும், அண்டாவும் போய்விடும். அண்டா போனால் அப்புறம் எதைக் கொண்டு பிழைப்பது?

விடிந்ததும் கொற்றனாரிடம் ஓடினாள். அவர் முழுவதும் கேட்டார்.

"சபைக்கு நான் கூட்டிப்போகிறேனம்மா. ஆனால் ராஜாவுக்கு முறையீடு பிடிக்காது. எழுந்து போய்விடுவார். கேள்வி கேட்டால் உட்கார்ந்து கேட்பார். கேட்க உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?"

வழியெல்லாம் அவள் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். சபைக்குள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவள் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"மகாராஜா, அரண்மனை மடைப்பள்ளிக்கு ஆறு வருஷமா நான்தான் அரிசி குடுக்கறேன். விறகு மூணு காசுன்னு நம்பி விலை வெச்சேன். நாலு காசுன்னா என் அரிசி விலையும் தப்பு. அந்தக் குறையை மடைப்பள்ளியிலே குடுக்கச் சொன்னா, அப்படியே கொட்டகையிலே கட்டிடறேன். குடுக்கச் சொல்வீங்களா?"

ராஜாவின் முகம் சிவந்தது.

"என்ன துணிச்சல் உனக்கு? நீ சொன்ன விலையைக் கொடுத்தோம். சமைத்தோம், சாப்பிட்டோம், செரித்தும் போயிற்று. உன் கணக்கு தப்பென்றால் ஆறு வருஷம் கழித்து என் கழுத்தைப் பிடிப்பாயா?"

மருதாயி கும்பிட்ட கையை இறக்காமல் சொன்னாள்.

"இதே வார்த்தையைத்தான் மகாராஜா, நேத்துலேருந்து யார்கிட்டே சொல்றதுன்னு தெரியாம தவிக்கிறேன்."

ராஜா மெல்லத் தாண்டவராயர் பக்கம் திரும்பினார்.

"மூன்று காசு என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளில் யார் முத்திரை?"

"கணக்கர்கள்தான் பிரபு, எல்லாவற்றையும்..."

"முத்திரை யாருடையது என்று கேட்டேன்."

"என்னுடையது."

"கொற்றனாரே, எழுதிக்கொள்ளும். தப்பு கொட்டகையுடையது என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குறையை எவரிடமும் கேட்கக்கூடாது. அந்த ஓராண்டுக் குறையையும் பன்னிரண்டு மாசத் தவணையில் கட்டலாம். அதற்காக விறகை நிறுத்தவோ பாத்திரத்தைத் தூக்கவோ கூடாது." பிறகு மருதாயியிடம் கேட்டார்: "உன்னைப் போல என்னை மடக்கியவர் இல்லை. என்ன பரிசு வேண்டும்?"

"ஆறு கட்டு விறகு, மகாராஜா. இப்பவே வேணும். ஊர் நெல்லு ஊறிக் கிடக்கு."

"தாண்டவராயர் சுமந்துவருவார்" என்றார் ராஜா.

மருதாயி ஓட்டமாக வீடு வந்து தொட்டிக்குள் கை விட்டாள். லேசான புளிப்பு வாடை. இன்னும் முற்றவில்லை. தண்ணீரை மாற்றி நெல்லை அண்டாவில் அள்ளிப் போட்டாள்.

பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுருட்டிவைத்து, ஒரு கட்டு விறகோடு தாண்டவராயர் வாசலில் வந்து நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் கட்டை இறக்கிப் பிரித்து அடுப்பைப் பற்றவைத்தாள். நெருப்பு பிடித்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"சீக்கிரம் வாங்க ஐயா" என்றாள் மருதாயி. "இன்னும் அஞ்சு கட்டு இருக்கு."