பீட விரிப்பில் விழுந்த குழம்பு

“அந்த ஆளை இன்னிக்கே அனுப்பிச்சிருங்கம்மா.”

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

வேலாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மடத்துக்குத் தலைவி அவர்தான். நாச்சிமுத்துவின் மூத்த மகளைவிட வயதில் இளையவர். ஆனாலும் நாச்சிமுத்து அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

“எந்த ஆளை?”

“சென்னியப்பனைத்தானுங்க. பந்தியில பரிமாறுறேன் பேர்வழின்னு கை நடுங்கி நடுங்கி ஊரெல்லாம் ஊத்தறான். இதை வெளுத்து எடுத்துக்கிட்டுப் பந்தியைத் தாண்டி வந்தேன், குழம்பைக் கொட்டிட்டான் பாருங்க.”

கையிலிருந்த ஈரத் துணியை விரித்துக் காட்டினார்.

மறுநாள் குருபூசை. மடத்தை நிறுவிய பெரியவரின் பீடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை விரிக்கிற வெள்ளை விரிப்பு அது. அதை வெளுத்தவரே தலையில் சுமந்து வந்து, எல்லோர் முன்னாலும் விரிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பல வருஷம் காத்திருந்து, இந்த முறைதான் நாச்சிமுத்துவுக்கு அந்தப் பேறு வாய்த்திருந்தது.

அவர் ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தார். மடத்தில் அவருக்குத் துணி அறையைக் கொடுத்தார்கள். அவர் கைபட்ட தலையணை உறையில் ஒரு சுருக்கம் இருக்காது. போர்வை மடிப்பைப் பிரித்தால் வெட்டிவேர் மணக்கும். அவர் கட்டுகிற வேட்டியில் பொட்டு அழுக்கை யாரும் பார்த்ததில்லை. மடத்தில் அவருக்குக் கொக்கு என்று ஒரு பெயர் உண்டு. அது அவருக்கு மட்டும் தெரியாது.

வேலாத்தாள் கறையைப் பார்த்தார்.

“குழம்புங்கறீங்க. ரத்தமாட்டம் இருக்குதே?”

“மொதல்ல மஞ்சளாத்தானுங்க இருந்துச்சு. சோப்புப் போட்டேன், செவந்துருச்சு. அழுத்தித் தேச்சேன். இன்னும் செவந்துருச்சு.”

“யாரை நெனச்சுக்கிட்டுத் தேச்சீங்க?”

நாச்சிமுத்து விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

“சரி. மொதல்ல கறை போகட்டும். அப்புறம் சென்னியப்பனை அனுப்பலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னபடி செய்யறேன்.”

“கறை போகாதுங்கம்மா.”

“நல்லா அலசி வெயில்ல போடுங்க.”

நாச்சிமுத்து பதறிப்போனார்.

“வெயில்லயா? கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் காலம் பூரா நான் சொன்னது அந்த ஒண்ணுதானுங்க. நெழல்ல காயப் போடுங்க, வெயில்ல மட்டும் போட்டுராதீங்கன்னு...”

“போட்டா?”

“சாயம் போயிரும்.”

வேலாத்தாள் அடுத்த கீரைத் தண்டை எடுத்தார்.

நாச்சிமுத்து விரிப்பைப் பார்த்தார். அதன் நடுவில் இருந்த சிவப்பைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பிறகு விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் நடந்தார்.

“அங்க வேண்டாம், ஒரே மர நெழல். முன்னாடி மதில்மேல போடுங்க.”

“ரோட்டுல போறவங்க எல்லாம் பாப்பாங்களேம்மா! மானம் போயிரும்.”

“பாக்கட்டும்.”

நாச்சிமுத்து மதில்மேல் போட்டார். கறை உள்பக்கம் வரும்படி மடித்துத்தான் போட்டார். வேலாத்தாள் கீரைக் கையோடு வந்து, மடிப்பைப் பிரித்துக் கறையை வெளியே திருப்பிவிட்டுப் போனார்.

காக்கை எச்சமிட்டுவிடக் கூடாதே என்று நாச்சிமுத்து மதிலோரம் குடையோடு காவல் உட்கார்ந்தார்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். “ஏனுங்க, பீட விரிப்புக்கா இந்தக் கதி? யாரு பண்ணுன வேலை?”

நாச்சிமுத்து கொட்டித் தீர்த்தார். சென்னியப்பன் என்ற பெயரை அவர் சொன்ன விதத்தில், பால்காரருக்கே அந்த ஆளை இரண்டு சாத்து சாத்தலாம்போல் இருந்தது.

அடுத்து, சந்தைக்குப் போகிற பெண்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னார். ஆனால் பாதியிலேயே சலித்துவிட்டது.

வெயில் ஏறியது.

மடத்து வாசலில் சென்னியப்பன் தெரிந்தார். நரைத்த தலை, கையில் ஒரு டம்ளர் மோர். மனைவி போன பிறகு போக்கிடம் இல்லாமல் மடத்துக்கு வந்தவர். இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் பேருந்து நிலையம்தான்.

நாச்சிமுத்து அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதைக் கவனித்தார்.

தூரத்தில் வரும்போது சென்னியப்பனின் கை நடுங்கவில்லை.

பக்கத்தில் வர வரத்தான் நடுங்கியது. மோர் நாச்சிமுத்துவின் கைக்கு வந்தபோது டம்ளரில் பாதிதான் இருந்தது.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டே திரும்பிப் போனார். நாச்சிமுத்து மோரைக் குடிக்காமல் டம்ளரைத் தரையில் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் தாண்டி ரோட்டில் ஒரு முதியவர் வந்து நின்றார். “விரிப்புல என்னமோ கறையாமே, யாரு கொட்டுனது?”

“யாரோ கொட்டிட்டாங்க. விடுங்க” என்றார் நாச்சிமுத்து.

“கறையே காணமே?”

நாச்சிமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார். விரிப்பை எடுத்து உதறினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார்.

பளீரென்று இருந்தது.

“அம்மா! போயிருச்சுங்கம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். அந்த வயதில் அவர் ஓடிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

வேலாத்தாள் சிரித்தார். “சந்தோஷம். சென்னியப்பனை என்ன பண்ணலாம்?”

நாச்சிமுத்து நின்றுவிட்டார்.

“நாளைக்குப் பந்தி முடியட்டுங்கம்மா. சொல்றேன்.”

மறுநாள் சங்கு முழங்கியது. நாச்சிமுத்து விரிப்பைத் தலையில் சுமந்து வந்து பீடத்தில் விரித்தார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பொட்டு இல்லை. கூடம் முழுக்க ‘ஆகா’ என்றது. அவருக்குக் கண் கலங்கியது.

பந்தி தொடங்கியது. குழம்பு வாளியோடு சென்னியப்பன் வந்தார். பத்து இலை தாண்டியும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

நாச்சிமுத்துவின் இலைக்கு வந்தார். கை ஆடியது. கரண்டிக் குழம்பு அப்படியே நாச்சிமுத்துவின் வேட்டியில் விழுந்தது.

பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எதிர் வரிசையிலிருந்து வேலாத்தாள் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

நாச்சிமுத்து தன் மடியைப் பார்த்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

“வெயிலு நல்லாத்தான் அடிக்குது. இலைக்கு ரெண்டு கரண்டி ஊத்துங்கண்ணா, பசிக்குது.”

அந்த இரண்டு கரண்டியும் ஒரு சொட்டு சிந்தாமல் சோற்றின்மேல் விழுந்தன.