உள்ளேன்

“மூணு தடவை வந்துட்டேன் மேடம். இன்னும் கையெழுத்து போடமாட்டேங்குறீங்க. என் ப்ரோகிராம்ல அப்படி என்னதான் தப்பு?”

அருள்தாஸ் கேட்டே விட்டான். கோபம் வராமல் என்ன செய்யும்? இலவச விடுதி இடம் யாருக்கு என்று விண்ணப்பங்களைப் பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு, அவனுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட். திங்கட்கிழமை முதல் பல்கலைக்கழகமே அதைப் பயன்படுத்தப் போகிறது. அறநெறிப் பாடம் எடுக்கும் தில்லைநாயகியின் கையெழுத்துதான் பாக்கி. அந்த அம்மாள் அசைவேனா என்கிறார்.

“எதை வச்சு அதுக்குக் கத்துக் குடுத்தே?”

“பழைய விண்ணப்பங்கள் மேடம், நாலு வருஷத்துது. டேட்டாவைச் சுத்தம் பண்ணித்தான் குடுத்தேன்.”

“சுத்தம்னா?”

“ஏதாவது கட்டம் காலியா இருந்தா அந்த ஆளையே தூக்கிடுறது. ஒரே வரி கோடிங். நாப்பத்தோரு பேர்தான் போனாங்க.”

“இனிமே யாராவது காலியா விட்டா?”

“அதுவே ஒதுக்கிடும்.”

“போன நாப்பத்தோரு பேர் யாரு?”

“பார்க்கலை மேடம். குப்பையைக் கிளறிப் பார்ப்பாங்களா?”

மதிய இடைவேளை. ஆய்வகத்தில் இவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. தில்லைநாயகி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“முத்துப்பேச்சி,” என்று வாசித்தார், வருகை எடுப்பது போல.

அருள்தாஸுக்குச் சிரிப்பு வந்தது. மற்ற வகுப்புகளில் ‘ப்ரெசன்ட் மேடம்’. இவர் வகுப்பில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ‘உள்ளேன் அம்மா’ சொல்ல வேண்டும். கட் அடித்த நண்பர்களுக்காகக் குரலை மாற்றிச் சொல்வதில் இவன் கில்லாடி.

“உள்ளேன் அம்மா.”

சொன்னது அவனில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். அங்கே நாற்காலிதான் இருந்தது.

“ரஹ்மத் நிஷா.”

“உள்ளேன் அம்மா.” இது ஜன்னலோரம்.

“ஜெபக்கனி.”

“உள்ளேன் அம்மா.” இது அவன் காதுக்குப் பக்கத்தில்.

அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். “யாரு மேடம் பேசுறது?”

“வருகை எடுக்கும்போது பேசாதே.”

அவர் நிறுத்தவில்லை. நாற்பது பெயர், நாற்பது பதில். ஒரு நாற்காலியும் அசையவில்லை.

“இவங்க எல்லாரும் காலியா விட்டது எந்தக் கட்டம், பார்.”

தாளை அவன் பக்கம் திருப்பினார். தந்தை பெயர்.

அவனுக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன்பு, விடுதி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தின்மேல் பேனாவை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போனாள். அந்த இடம் கிடைத்திராவிட்டால் அவன் படித்தே இருக்க மாட்டான்.

“அருள்தாஸ்.”

வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

“அருள்தாஸ்.”

இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அவர் ஆப்சென்ட் போட்டுவிடுவார். அது எல்லோருக்கும் தெரியும். தில்லைநாயகி பேனா மூடியைக் கழற்றினார்.

கடைசி வரிசையிலிருந்து யாரோ, அச்சு அசலாக அவன் குரலில், அவனுக்காகச் சொன்னார்கள்.

“உள்ளேன் அம்மா.”