நாற்பத்தோராவது பொட்டலம்

யுத்தம் முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பானில், ஒரு மலைக்கோவிலின் முற்றத்தில், குரு கெய்ஜுன் காலை வெயிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்தது. சின்ன வயதில் கோடாலி பட்டது. அந்த ஒரு நகத்தோடு அவருக்கு எப்போதும் மல்லுக்கட்டுதான்.

அப்போது ஒரு பெரியவர் படியேறி வந்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. இருந்தாலும் பெரியவர்தான் குனிந்து வணங்கினார்.

"நான் குவஹாரா. முன்னாள் தளபதி."

குருவின் கையில் கத்திரி நின்றது.

"உட்காருங்க பெரியவரே."

பெரியவர் மடியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை என்றால், சிப்பாய்கள் கொஞ்சம் முடியும் நகமும் வெட்டிப் பொட்டலம் கட்டி, விலாசம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உடம்பு கிடைக்காவிட்டால் வீட்டுக்கு அந்தப் பொட்டலமாவது போய்ச் சேரட்டும் என்றுதான்.

"ஏழாம் கம்பெனி, ஹெய்கிச்சி. இந்தக் கோவில் பெரிய குருவோட பேர் போட்டிருக்கு."

"ஹெய்கிச்சி அவர் எடுத்து வளர்த்த பிள்ளை. பெரிய குரு தவறிட்டார்."

"அப்போ நீங்க வாங்கிக்கணும். என்கிட்ட நாற்பத்தொரு பொட்டலம் இருந்தது. ஆறு வருஷமா நடந்து நாற்பதை வீட்டுல சேர்த்துட்டேன். இதுதான் கடைசி. இதோட என் கடமை முடிஞ்சது."

"முடிஞ்சா?"

பெரியவர் இடுப்பில் செருகியிருந்த குறுங்கத்தியைத் தொட்டுக் காட்டினார். சாவதற்கும் முறை வைத்திருந்த மனுஷன்!

குரு கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்தார்.

"ஹெய்கிச்சி செத்ததை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை. ஆற்றைத் தாண்டி ஆள் எண்ணினப்போ அவன் இல்லை."

"கண்ணால பார்க்காத சாவுக்கு இங்க மந்திரம் சொல்றதில்லை. வாங்க மாட்டேன்."

"கொடுக்காம நான் போக மாட்டேன்."

"யார் போகச் சொன்னா? விறகு பிளக்க ஆள் வேணும்."

அப்படித்தான் தளபதி சீடரானார். தலையை மழித்துக்கொண்டார். விறகு பிளந்தார், பனி வாரினார். குறுங்கத்தி அடுக்களைக்குப் போய்விட்டது. "போகும்போது தாரேன். அதுவரை முள்ளங்கி நறுக்கட்டும்" என்றார் குரு. மாதம் பிறந்தால் பெரியவர் பொட்டலத்தோடு வந்து நிற்பார். குரு தலையாட்டி அனுப்பிவிடுவார். இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை.

பனி உருகி முதல் பூ பூத்த அன்று பெரியவர் கேட்டார்.

"குருவே, ஒரு கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேல படையில இருந்தவன் நான். எல்லாம் ஒரே காலையில போச்சு. இதுல எது என் வாழ்க்கை?"

"முதல்ல இருந்து சொல்லுங்க."

பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே மார்பை நிமிர்த்தினார்.

"இருபத்திரண்டு வயசுல லெப்டினன்ட். முதல் சண்டையிலேயே தோள்ல குண்டு. நாற்பதுல கர்னல். நாலு நகரம் பிடிச்சேன். அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பதக்கம் குத்தினாங்க."

"பிடிச்ச ஊர்ல இருந்து யாராவது உங்களைத் தேடி வந்ததுண்டா?"

"எதுக்கு வருவாங்க? எரிச்சிட்டுத்தானே வந்தோம்."

சொன்னபின் அந்தக் குரலில் கம்பீரம் இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் அந்த மலை. கடைசி ஆள் விழுற வரைக்கும் நில்லுன்னு உத்தரவு. மிச்சம் தொள்ளாயிரம் பேர். அரிசி தீர்ந்து பதினோரு நாள். எல்லாரும் பொட்டலம் கட்டிக் கொடுத்துட்டாங்க. அந்தப் பெட்டி என் தலைமாட்டுல இருக்கும். என்னால தூங்க முடியலை."

"என்ன செஞ்சீங்க?"

"ஒரு காலையில பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டேன். 'இந்தா, உன் நகம். நீயே வீட்டுக்குக் கொண்டு போ'ன்னு கையில கொடுத்தேன். எல்லாரையும் மலையை விட்டு இறக்கினேன்."

"நாற்பத்தொரு பேர்?"

"காய்ச்சல்ல கிடந்தவங்க. எழுந்து வந்து வாங்க முடியலை. தூக்கிக்கிட்டுத்தான் இறங்கினோம். ஆற்றுல வெள்ளம் அவங்களைக் கொண்டு போயிடுச்சு." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உத்தரவை மீறினதுக்குப் பதவியைப் பிடுங்கினாங்க. ஓடி வந்தவன்னு பேராச்சு. அதுதான் குருவே என் வெட்கம்."

குரு எழுந்தார்.

"பொட்டலத்தைக் கொண்டு வாங்க. அடுக்களையில இருந்து கத்தியையும் எடுத்துட்டு வாங்க."

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் குரு வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். உள்ளே போய், கத்தியைக் கழுவித் துடைத்து, இரண்டையும் குரு முன்னால் வைத்தார்.

குரு கத்தியை எடுத்துப் பொட்டலத்தின் நூலை அறுத்தார்.

பெரியவர் பதறிப்போனார். "ஐயோ, பிரிக்காதீங்க! நாற்பதுல ஒண்ணைக்கூட நான் பிரிச்சுப் பார்த்ததில்லை!"

"இதைப் பாருங்க."

உள்ளே ஒரு சிட்டிகை முடி. பத்துத் துண்டு நகம். அதில் ஒன்று மட்டும் நடுவில் பிளந்திருந்தது.

குரு தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தார்.

பெரியவர் நகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

குரு குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"ஏழாம் கம்பெனி, ஹெய்கிச்சி. வந்திருக்கேன் ஐயா!"

"ஆத்துல... நீ..."

"எதிரி ஆளுங்க கரையில இழுத்துப் போட்டுப் பிழைக்க வச்சாங்க. திரும்பி வந்து தலையை மழிச்சதும் கெய்ஜுன்னு பேர் வச்சாங்க. கைதியா இருந்து வந்தவன்னு வெளியே சொல்ல எனக்கு நா எழலை. பொட்டலத்தை வாங்கிட்டா நீங்க போய்ச் சேர்ந்துடுவீங்கன்னு பயம் வேற."

பெரியவர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. பதக்கம் வாங்கிய அன்றுகூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

குரு அந்தப் பழைய நகங்களை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டார்.

"வெட்கம்னு சொன்னீங்களே தளபதி ஐயா, அந்த வெட்கத்தாலதான் நான் உயிரோட இருந்து ஏழு வருஷமா நகம் வெட்டிக்கிட்டிருக்கேன்."