இரண்டு கோழி விலைக்கு ஒரு குக்ரி

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட வச்சிரபாகு மகாராஜாவுக்கு ஆயுதம் என்றால் உயிர். எந்தத் தேசத்து வியாபாரி வந்தாலும் முதலில் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார். கூராக எது கண்ணில் பட்டாலும் வாங்கிவிட்டுத்தான் மறுவேலை.

அப்படி ஒரு நாள், வடக்கே பனிமலைப் பக்கத்திலிருந்து வந்த கம்பளி வியாபாரி ஒருவன், கம்பளிகளுக்கு நடுவே செருகியிருந்த ஒரு கத்தியை உருவிக் காட்டினான். முழங்கையை மடக்கியதுபோல் நடுவில் முன்பக்கமாக வளைந்த கத்தி. பிடியருகே ஒடுங்கி, வளைவுக்குப் பிறகு அகன்று, நுனியில் மறுபடி ஒடுங்கியது. பார்க்க அழகு ஒன்றுமில்லை. சாணை பிடித்த தடம்கூட அழியாமல் அப்படியே இருந்தது. தன் ஊரில் இதற்குக் குக்ரி என்று பெயர், விறகு பிளப்பதிலிருந்து ஆடு அறுப்பதுவரை வீட்டுக்கு வீடு இதுதான் என்றான். விலை கேட்டால் இரண்டு கோழி விலை சொன்னான்.

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய ஆயுதசாலையில் இருந்த கத்தி எதுவும் ஒரு யானை விலைக்குக் குறைந்ததில்லை. வாங்கியும் விட்டார், வாங்கிய பிறகு சந்தேகமும் வந்துவிட்டது.

"சேனாதிராயரே, இது நல்ல கத்தியா? நீர் சொல்லும்" என்றார்.

சேனாதிராயர் ஆயுதசாலை அதிகாரி. இரும்பைச் சுண்டி ஓசை கேட்டே குணம் சொல்லக்கூடியவர். குக்ரியைக் கையில் வாங்கியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிடிக்குள் செருகிய கத்தியின் வால் பாதியில் நிற்காமல் கடைசிவரை ஓடி, அடியில் தெரிந்தது. முதுகு சுண்டுவிரல் கனம். எடை முழுவதும் வளைவுக்கு முன்னால் போய் நின்றது. ஓங்கினால் தானாகவே இறங்கும். அவர் விரல்களுக்கு அது பிடித்துப்போயிற்று. மனசுக்குத்தான் பிடிக்கவில்லை. சேனைக்கும் மலைக்காவலர்களுக்கும் வெள்ளிப்பிடிக் கத்தி செய்து கொடுப்பது அவருடைய மைத்துனனின் பட்டறை. கோழி விலையில் நல்ல கத்தி கிடைக்கும் என்று ராஜா தெரிந்துகொண்டால், அடுத்த கேள்வி மைத்துனன் வாங்கும் விலையைப் பற்றியதாக இருக்கும்.

"மகாராஜா, கோழி விலைக்கு வந்தது கோழி அறுக்கத்தான் உதவும்" என்றார்.

சபையின் ஓரத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அரசவை விகடர் அம்பலத்தாடி.

"அப்படியானால் யானை விலை கொடுத்து வாங்கியதெல்லாம் இதுவரை எத்தனை யானை அறுத்தன, ஐயா?"

சபை கொல்லென்று சிரித்தது. சேனாதிராயருக்குக் காது மடல் சிவந்தது. அந்த ஆளிடம் அவர் அவமானப்படுவது முதல் தடவையும் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ராஜாவைப் பார்த்து வணங்கினார்.

"விகடர் இவ்வளவு விவரம் தெரிந்தவர் என்று அடியேன் அறியவில்லை. கத்தியின் தரத்தை அவரே பரீட்சித்துச் சொல்லட்டும். மலைக்காட்டில் வைத்துப் பரீட்சிக்கட்டும். ஆனால் இது ராஜா கைப்பட்ட பொருள். ஒரு கீறலும் படாமல் திரும்ப வேண்டும் அல்லவா?"

விபரீதமான யோசனை என்றால் ராஜாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்பலத்தாடி! காட்டுக்குப் போ. இந்தக் கத்தி காட்டு வேலைக்கு ஆகுமா, ஆகாதா என்று ஐயத்துக்கு இடமில்லாமல் அறிந்து வந்து சொல். ஆனால் நீ இதில் ஒரு கீறல் போட்டாலும் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

வெட்டாமல் கத்தியைச் சோதிப்பது நனையாமல் நீந்துவது போலத்தான். சபைக்கு அது புரிந்தது. அம்பலத்தாடியும் சற்று நேரம் தலையைச் சொறிந்துகொண்டுதான் நின்றார்.

"உத்தரவு மகாராஜா. ஒரு விண்ணப்பம். எனக்குக் கை நிதானம் போதாது. எதைத் தொட்டாலும் கீறுவேன். கத்தி சேனாதிராயர் இடுப்பிலேயே இருக்கட்டும். அவரும் உடன் வரட்டும். நான் கேட்டால் எடுத்துத் தரட்டும்."

ராஜா தம் கையாலேயே குக்ரியைத் தோல் உறையோடு சேனாதிராயரின் இடுப்புக் கச்சையில் செருகிவிட்டார். சேனாதிராயர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். எலி தானாகவே பொறியைத் தூக்கிவந்து பூனையிடம் கொடுக்கிறதே! மலையில் வைத்துக் கத்தியில் தாமே நாலு கீறல் போட்டால் போயிற்று. விகடன் போட்டதாகச் சொன்னால், அதிகாரி பேச்சை நம்புவார்களா, கோமாளி பேச்சை நம்புவார்களா?

மலைக்கு வழிகாட்டக் கோளப்பன் என்ற காவலன் வந்தான். வலக்கையில் இரண்டு விரல் இல்லாதவன். ஆடி மாதச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நடுக்காட்டில் ஒரு பாறைக் குடைவில் ஒதுங்கினார்கள். அம்பலத்தாடி மூட்டையை அவிழ்த்து, அவலும் வெல்லமும் எடுத்து மூன்று பங்கு வைத்தார். தின்றார். முழங்காலைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தார். கத்தியைக் கேட்கவே இல்லை.

"பரீட்சை எப்போது?" என்றார் சேனாதிராயர்.

"நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஐயா."

குளிர் எலும்பைத் தொட்டது. சேனாதிராயர் எழுந்து, தம் வெள்ளிப்பிடிக் கத்தியை உருவி, பட்டுப்போன ஒரு மரத்தின் கிளையை ஓங்கி வெட்டினார். நாலாவது வெட்டில் கை இலேசாகிவிட்டது. பார்த்தால் பிடி மட்டும்தான் கையில் இருந்தது. கத்தி பறந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்து, கல்லில் ணங்கென்று ஒலித்தது. பிடிக்குள் ஒரு விரற்கடை நீள ஓட்டை. அதில் மிச்சமிருந்தது கத்தியை ஒட்டிவைத்த வெறும் அரக்கு.

கோளப்பன் எட்டிப் பார்த்தான்.

"எனக்கும் இப்படித்தாஞ் சாமி ஆச்சு. எதுக்க கரடி நிக்குது. ஓங்குனேன். கத்தி அந்தாண்ட போயிருச்சு, என் கையில வெறும் பிடி நிக்குது. நல்ல பளபளன்னு பிடி."

"விரல் போனது அப்போதா?" என்றார் அம்பலத்தாடி.

"ஆமாஞ் சாமி. பிடிக்கத் தெரியாமப் பிடிச்சிருப்பேன்னு அரண்மனையில சொன்னாகளாம்."

அப்படிச் சொன்னது யார் என்று சேனாதிராயருக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது தாம் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததுகூட ஞாபகம் வந்தது. அவர் வெள்ளிப்பிடியை மடியில் போட்டுக்கொண்டார்.

பிறகு குக்ரியை உருவினார். குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணம், இதையும் உடைத்துவிட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது. பட்ட மரத்தை வெறிகொண்டு வெட்டினார். விறகைப் பிளக்க வேண்டி வந்தபோது, கட்டையால் கத்தியின் முதுகிலேயே சம்மட்டி அடிபோல் அடித்தார். மண்ணில் குத்தி வேர் கிளறினார். கடைசியில், அம்பலத்தாடி மழையைப் பார்க்கிற பக்கமாகத் திரும்பியிருந்த நேரத்தில், வேண்டுமென்றே பாறைமேல் ஓங்கிப் போட்டார். நெருப்புப் பொறி பறந்தது.

தூக்கிப் பார்த்தார். கத்தியின் உடம்பெல்லாம் கீறல். வெட்டும் வாயில் ஓர் இடத்தில் அரிசிமணி அகலத்துக்கு மடங்கியிருந்தது. உடையவில்லை. பிடி இம்மிகூட ஆடவில்லை. ஓடைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்ததும் மடங்கிய வாய் நேராகிவிட்டது.

குறைகளும் கண்ணில் படாமலில்லை. பிடியின் ஓரத்தை இழைக்காமல் விட்டிருந்ததால் உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. மழையில் ஊறிய உறையின் தையல் வாய்விட்டு, நுனி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. துடைக்காமல் வைத்ததில் காலையில் செந்துருப் புள்ளிகள் பூத்திருந்தன. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொழில் பழக்கம் அப்படி.

காலையில் இறங்கத் தொடங்கினார்கள். வழியில் ஓர் ஓடை பெருகி ஓடியது. கடக்கத் தோதான இடம் தேடிக் கோளப்பன் மேலே போனான். அவன் தலை மறைந்த சிறிது நேரத்தில், ஓடைக்கரை வேங்கை மரத்தின் பெரிய கிளை ஒன்று மழையில் கனத்துப் பொட்டென்று முறிந்தது. அம்பலத்தாடி விலகப் பார்த்தார். சறுக்கி ஓடையில் விழுந்தார். அவர் கால்மேல் கிளை விழுந்து அமுக்கியது.

சேனாதிராயர் தூக்கிப் பார்த்தார். கிளை அசையவில்லை. தண்ணீர் அம்பலத்தாடியின் இடுப்பில் ஓடியது. அது ஏறிக்கொண்டிருந்தது.

சேனாதிராயரின் கை குக்ரிக்குப் போயிற்று.

"வேண்டாம் ஐயா" என்றார் அம்பலத்தாடி, பற்கள் கிடுகிடுக்க. "கத்தியில் கீறல் விழுந்தால் எனக்கு நாடு போகும். கால்தானே, போனால் போகட்டும். நொண்டியாகவாவது சொந்த நாட்டில் இருப்பேன்."

"கால் போவதோடு நிற்காதய்யா! தண்ணீரைப் பாரும்!"

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் மார்பைத் தொட்டுவிட்டது."

சேனாதிராயர் ஒரு கணம் நின்றார். சுற்றிலும் ஆள் இல்லை. திரும்பி நடந்தால் கேட்பார் இல்லை. இனிச் சபையில் காது சிவக்கவும் வேண்டாம். எல்லாம் அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் கால் நடக்கவில்லை. தண்ணீரில் குதித்தார். வேங்கை மரம் இரும்புக்கு இளைத்ததல்ல. வெட்டினார், வெட்டினார், முகத்தில் சிராய் தெறிக்கத் தெறிக்க வெட்டினார். கொப்புளம் உடைந்து பிடியில் இரத்தம் வழிந்தது. கத்தி மட்டும் முதல் வெட்டைப் போலவே கடைசி வெட்டுக்கும் இறங்கியது. கிளை இரண்டாகி ஒரு துண்டு வெள்ளத்தோடு போனபோது, தண்ணீர் அம்பலத்தாடியின் மோவாயில் இருந்தது.

கோளப்பன் ஓடிவந்து, இருவரையும் சேர்த்துக் கரைக்கு இழுத்தான்.

மறுநாள் சபை கூடியது. அம்பலத்தாடி கோலூன்றி நொண்டிக்கொண்டு வந்தார். சேனாதிராயர் குக்ரியை எடுத்து ராஜாவின் காலடியில் வைத்தார். ராஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அம்பலத்தாடி! ஒரு கீறலும் போடக்கூடாது என்றேனே!"

"ஒரு கீறல் எங்கே இருக்கிறது மகாராஜா? எண்ண முடியாதபடி அல்லவா இருக்கிறது!"

"விளையாடாதே. யார் போட்டது?"

"நான் இந்தக் கத்தியைத் தொடவும் இல்லை, கேட்கவும் இல்லை. தாங்கள் செருகிய இடத்தை விட்டு அதை எடுக்கக்கூடியவர் ஒருவர்தான். காவலனையும் விசாரிக்கலாம்."

கோளப்பன் தலையாட்டினான். "சாமிதான் வெட்டுச்சு மகாராசா. அந்த வெட்டு வெட்டுச்சு!"

ராஜா சேனாதிராயரைப் பார்த்தார். சேனாதிராயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மகாராஜா, சிநேகிதன் கையில் கொடுத்தால் கத்தியைக் காப்பாற்றிக் காப்பாற்றி வெட்டுவான்" என்றார் அம்பலத்தாடி. "இது உடைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவராகவும் இருக்க வேண்டும், இரும்பின் குணம் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இந்த ராஜ்யத்தில் இவர்தான். பரீட்சையைக் குறைவில்லாமல் செய்துவிட்டார். முடிவை அவரே சொல்லட்டும்."

ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மைத்துனன் பட்டறை பிழைக்கும். சேனாதிராயருக்கு அது தெரியாமலில்லை. துணி சுற்றிய தம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெள்ளிப்பிடியை எடுத்துக் குக்ரியின் பக்கத்தில் வைத்தார்.

"உறை மோசம், மகாராஜா. மாற்றித் தைக்க வேண்டும். பிடியின் ஓரத்தை இழைக்க வேண்டும். எண்ணெய் தடவாமல் வைத்தால் துரு ஏறும். மற்றபடி, காட்டுக்குப் போகிறவன் கையில் இருக்க வேண்டிய கத்தி இதுதான். நாங்கள் செய்து கொடுத்தது இதோ இருக்கிறது. இந்தக் காவலனின் விரல் போனது அவன் குற்றம் இல்லை, என் குற்றம்."

ராஜா வெள்ளிப்பிடியை எடுத்து அதன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அரக்கு உதிர்ந்தது. காவலர் எல்லாருக்கும் குக்ரி வாங்க உத்தரவாயிற்று. மைத்துனன் பட்டறைக்குப் பூட்டு. கோளப்பனுக்கு நன்செய் நிலம். சேனாதிராயர் அதிகாரி பதவியை விட்டு இறங்கி, ஒரு வருஷம் மலைக்காவலில் நிற்க வேண்டும்; நின்று வந்தால் பார்க்கலாம். சேனாதிராயர் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். தண்டனை அவர் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

போகும்முன் அம்பலத்தாடியின் பக்கம் திரும்பினார்.

"ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லும். கிளை விழுவதும் உம்முடைய ஏற்பாடா?"

"ஐயோ, இல்லை ஐயா! அது மழையின் ஏற்பாடு. குலை நடுங்கிப்போய்த்தான் கிடந்தேன்."

"பிறகு ஏன் வெட்ட வேண்டாம் என்றீர்?"

"வெட்டும் என்று நான் கெஞ்சியிருந்தால் தாங்கள் யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். நான் எதைச் சொன்னாலும் அதற்கு மாறாகச் செய்வதுதானே தங்கள் வழக்கம்!"

ராஜாவால் அடக்க முடியவில்லை. சிங்காதனத்தின் கைப்பிடியை அடித்து அடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் கைக் காப்பைக் கழற்றி அம்பலத்தாடிக்கு வீசினார். நொண்டிக் காலோடு அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை; காப்பு உருண்டு போயிற்று. சேனாதிராயர்தான் குனிந்து, அதை எடுத்து, தம் மேல்துண்டால் துடைத்து, அவர் கையில் மாட்டிவிட்டார்.